நின்ற இடத்தில் ஆடாத வண்டி

பேரன்பும் கொஞ்சம் பயமும் கலந்து நான் வணங்கும் அக்காவுக்கு,

உன் உடன்பிறந்தவன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் இவளும் சௌக்கியம். அங்கே உன் சௌக்கியத்தையும், டாக்டர் வைத்த புது இடுப்பு மூட்டின் சௌக்கியத்தையும், அது பழைய எலும்புகளோடு சண்டையில்லாமல் இருக்கிறதா என்பதையும் அறிய மிகவும் ஆவலாக இருக்கிறோம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவின் கோடி வரைக்கும் போய்த் திரும்புகிறாய் என்று இவள் சொன்னாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதையெல்லாம் போனில் பேசலாம்தான். ஆனால் நான் "அக்கா, வண்டி..." என்று வாயைத் திறந்ததுமே "சரியாச்சா? ஆகலையா? அப்போ வை" என்று நீ வைத்துவிடுகிறாய். நேரில் வரலாம் என்றால், வண்டி சரியாகும் வரை அந்தப் பக்கமே தலை காட்டக் கூடாது என்பது உன் உத்தரவு. ஆகவே கடிதம். இதை நடுவில் கட் பண்ண முடியாது பார்.

காப்பீட்டு அலுவலகத்தில் இழப்பீட்டுப் பிரிவிலேயே தலை நரைத்தவன் நான். எந்த விஷயத்தையும் நிபந்தனையிலிருந்து ஆரம்பித்துத்தான் எனக்குப் பழக்கம். எனவே நீ சொன்ன நிபந்தனையை முதலில் எழுதிவிடுகிறேன், பின்னால் பேச்சு மாறக் கூடாது. நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருந்தாய். நர்ஸ் உன் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல உன் தலைமாட்டில் இருந்தேன். "எனக்கு எதுக்குடா இனிமே வீடு? பக்கத்துக் கட்டடத்துலயே முதியோர் இல்லம் இருக்கு. ஒரு ரூம் காலியா இருக்காம். இங்கேயே இருந்துடறேன்" என்றாய். உன் வீடு, உன் சோபாப் பட்டறை, பக்கத்து வீட்டில் நாங்கள் இரண்டு பேர், இதெல்லாம் என்ன ஆவது என்று நான் திக்கித் திணறிக் கேட்டதற்கு, "சரி, எதுல வர்றது? கார் சீட்டெல்லாம் தாழ்வு, அதுல உக்காரக் கூடாதுன்னுட்டாங்க. உசரமா இருக்கறது சோபா ஏத்தற என் பிக்கப் வண்டி ஒண்ணுதான். அதுவோ நின்ன இடத்துல ஆடுது. அதை ஆடாம நிக்க வை. அன்னிக்கு வர்றேன்" என்றாய். நர்ஸ்தான் சாட்சி. அவர் சிரித்தார் என்பது உண்மை. சிரித்தாலும் சாட்சி சாட்சிதான்.

அன்றே வீட்டுக்கு வந்து வண்டியைக் கிளப்பிப் பார்த்தேன். நீ சொன்னது வாஸ்தவம். தெருவில் ஓட்டினால் ஒழுங்காக ஓடுகிறது. சிக்னலிலோ வாசலிலோ நிறுத்தினால்தான் உதறல் எடுக்கிறது. ஓய்வு பெற்ற புதிதில் நானும் அப்படித்தான் இருந்தேன் என்று இவள் சொன்னாள், அது இங்கே தேவையில்லாத பேச்சு. பக்கவாட்டுக் கண்ணாடியில் என் முகம் இரண்டாகத் தெரிந்தது. கதவுப் பையில் நீ போட்டு வைத்திருக்கும் ஆணிகள் தாளம் போட்டன. இதில் உன்னை உட்கார வைத்து, வழியில் இத்தனை சிக்னலையும் தாண்டி, புது மூட்டோடு எப்படிக் கூட்டி வருவது என்று நினைத்தபோது எனக்கே இடுப்பு வலித்தது.

எந்தக் கோப்பையும் முதலில் தூசி தட்டிவிட்டுத்தான் நான் திறப்பேன். அதே முறைப்படி பானட்டைத் திறந்து சுத்தம் செய்வதில் ஆரம்பித்தேன். அக்கா, கோபப்படாமல் கேள். அது என்ஜினா, உன் பட்டறையின் கிளையா? துணிக் கிழிசல், மெத்தைப் பஞ்சு, சோபாப் பொத்தான், நூல்கண்டு என்று ஒரு வாளி நிறைய எடுத்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு ரப்பர்க் குழாயின் வாயில் மாட்டிக்கொண்டு கிடந்தது, நம்ப மாட்டாய், என் பேனா மூடி! ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் கொடுத்த அந்த நீலப் பேனாவின் மூடி! அதைத் தொலைத்தது இவள்தான் என்று நான் எவ்வளவு காலமாக விசாரணை நடத்தியிருக்கிறேன் என்பது உனக்கே தெரியும். அது எப்படிப் பறந்து போய் உன் என்ஜினுக்குள் விழுந்தது என்று யோசிக்கக்கூட நேரமில்லை, அத்தனை சந்தோஷம். பிடுங்கி எடுத்து, கழுவித் துடைத்து, பேனாவுக்குப் போட்டுச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு போய் இவள் முன்னால் நின்றேன். "பாத்தீங்களா, நான் எடுக்கலைன்னு தலையால அடிச்சுக்கிட்டேனே" என்றாள். "தொலைஞ்ச பொருள் கிடைச்சா போதும், யார் எடுத்தாங்கன்றது ரெண்டாவது" என்று பெருந்தன்மையோடு விசாரணையை முடித்துக்கொண்டேன்.

அப்புறம் வண்டியைக் கிளப்பினால், முன்பு உதறல் என்றால் இப்போது குளிர் ஜுரம். முன்னால் இருந்த நம்பர் பலகை படபடவென்று அடித்துக்கொள்கிறது. கொஞ்ச நேரம் ஆடிவிட்டு, ஒரு விக்கல் விக்கி, நின்றே போய்விடுகிறது. நாலு மாதத் தூசி போனதில் வண்டிக்கு ஜில்லென்று இருக்கிறதோ, கொஞ்சம் வெயில் பட்டால் சரியாகுமோ என்று வெயிலில் நிறுத்தினேன். சரியாகவில்லை. சிரிக்காதே.

வேறு வழியில்லாமல் உன் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். தெருவே அவருக்கு 'நாளைக்கு' என்று பெயர் வைத்திருப்பது உனக்குத் தெரியும், எதைக் கேட்டாலும் அவர் சொல்லும் பதில் அது ஒன்றுதான். அதிசயமாக அன்றைக்கே வந்துவிட்டார். ஒரு காலைத் தூக்கி பம்பரில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்டார். "சார், பிளக் போயிருக்கு. சந்தேகமே இல்ல. நான் சத்தத்தை வச்சே சொல்லிடுவேன்" என்றார். எனக்கு உடனே நம்பிக்கை வந்துவிட்டது. எல்லா ஸ்பார்க் பிளக்கையும் மாற்றினார். அவர் ஒவ்வொரு ஒயராகக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தபோது, ஒயரெல்லாம் அழுக்காக இருக்கிறதே என்று, அவர் டீ குடிக்கப் போன இடைவெளியில் நான் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் உருவித் துடைத்து அழகாக மாட்டி வைத்தேன். அதில் இரண்டு இடம் மாறிப்போய்விட்டன. அவர் வந்து சாவியைத் திருப்பினார், பார், சைலன்சரில் ஒரு வெடி! எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் வாளியைக் கீழே போட்டுவிட்டார். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். "யார் சார் ஒயரைத் தொட்டது?" என்று மெக்கானிக் கேட்டபோது, இவள் என்னைப் பார்த்தாள், டீக்கடைக்காரர் என்னைப் பார்த்தார், நான் பானட்டைப் பார்த்தேன். அவர் திரும்பச் சரியாக மாட்டினார். வெடி நின்றது. ஆட்டம் நிற்கவில்லை.

"அப்போ தொண்டையில கரி" என்றார் அவர். கார்புரேட்டரைச் சொல்கிறார். காற்றும் பெட்ரோலும் கலந்து இறங்குகிற வாய்க்குள் கரி படிந்திருந்தால் வண்டி நின்ற இடத்தில் மூச்சுத் திணறுமாம். கழற்றிப் போட்டார். நான் பழைய டூத் பிரஷ் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, மூலை முடுக்கெல்லாம் தேய்த்து, கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொடுத்தேன். "சார், வேலைன்னா இது வேலை" என்று அவர் பாராட்டினார். அது பழைய டூத் பிரஷ் இல்லை என்பது மறுநாள் காலையில் இவள் முகம் கழுவ வந்தபோதுதான் தெரிந்தது. அந்தப் பேச்சை விடு. மாட்டிக் கிளப்பினோம். கண்ணாடி மாதிரி சுத்தமாக, அதே ஆட்டம்.

இப்போது மெக்கானிக் என்ன செய்தார் தெரியுமா? ஒரு ஸ்க்ரூவைத் திருகினார். என்ஜின் 'உய்ய்' என்று வேகமெடுத்தது, ஆட்டம் காணாமல் போனது. "முடிஞ்சுது சார். ஐடிலை, நிக்கறப்போ ஓடற வேகத்தை, ஏத்தி வச்சுட்டேன். வேகமா ஓடினா ஆடாது" என்றார். நான் துள்ளிக் குதித்து உள்ளே ஏறி கியரைப் போட்டேன். ஆக்ஸிலரேட்டரில் காலே வைக்கவில்லை, வண்டி தானாகக் கிளம்பிப் போய் இவளுடைய பூந்தொட்டிகளில் இரண்டை முட்டிவிட்டுத்தான் நின்றது. இறங்கி வந்து, "இது சரி பண்றது இல்ல, மூடி மறைக்கறது. ஸ்க்ரூவைப் பழையபடி வைங்க" என்றேன். "அக்காவுக்குத் தெரியவா போகுது சார்?" என்றார். அக்கா, அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். வண்டியில் ஏறி உட்காருவதற்குள் நீ கண்டுபிடித்துவிடுவாய். அதுவுமில்லாமல், பொய்யாக நிறைவேற்றின நிபந்தனையில் நீ திரும்பி வர வேண்டாம். ஸ்க்ரூ பழைய இடத்துக்குப் போயிற்று. இவள் தொட்டிக்காக இரண்டு வேளை பேசவில்லை.

அடுத்தது ஆள் ஆளாக விசாரணை. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு பிளக்கின் ஒயரையும் கழற்றிப் பார்ப்பது. எதைக் கழற்றினால் ஆட்டம் மாறவில்லையோ, அந்த சிலிண்டர்தான் வேலை செய்யாமல் ஏமாற்றுகிறது என்று அர்த்தமாம். இது எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எங்கள் பிரிவில் இப்படி ஒரு சோதனை இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டே நானும் ஒரு ஒயரைத் தொட்டேன். ஷாக் அடித்தது. முழங்கை வரைக்கும் விண்ணென்று ஏறியது. கையை உதறிய வேகத்தில் மூக்குக் கண்ணாடி பறந்து போய் ரேடியேட்டர் மேல் விழுந்தது. எதைக் கழற்றினாலும் ஆட்டம் அதிகமானது, அதாவது எல்லா சிலிண்டரும் ஒழுங்காக உழைக்கின்றன. "எல்லாரும் வேலை செய்யறாங்க சார். ஆனா ஒருத்தருக்கொருத்தர் ஒத்துப்போகலை" என்றார் மெக்கானிக். கையைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு வந்து பாக்கறேன்" என்று போனவர்தான். அப்புறம் தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டார்.

அந்த சமயத்தில் பழைய இரும்புக்காரர் வந்தார், அக்கா. யார் சொன்னார்களோ தெரியாது. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். டயரை ஒரு உதை, கதவை ஒரு தட்டு. "அக்கா இனிமே வரமாட்டாங்களாமே சார்? அப்போ இதை எடுத்துக்கலாமா?" என்றார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. "யாருய்யா சொன்னது வரமாட்டாங்கன்னு? வண்டியில இருந்து கையை எடுய்யா!" என்று கத்திவிட்டேன். இவள் ஓடி வந்து அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினாள். அப்புறம் நான் போய் உன் பட்டறையைத் திறந்து உட்கார்ந்திருந்தேன். பாதி தைத்த நாற்காலி அப்படியே இருக்கிறது. கைப்பிடியில் நீ குத்திவிட்டுப் போன ஊசியில் நூல் தொங்குகிறது. எந்நேரமும் உன் சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், அதனால் மத்தியானத் தூக்கம் கெடுகிறது என்று நான் உன்னிடம் எத்தனை முறை சண்டை போட்டிருக்கிறேன். இப்போது தூக்கத்தைக் கெடுக்க ஒருத்தரும் இல்லை, தூக்கமும் வருவதில்லை. நீ அந்த முதியோர் இல்லத்து அறைக்கே போய்விட்டால் என்ன செய்வேன் என்று நினைத்து, உன் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். இதை நான் சொன்னதாக நீ யாரிடமும் சொல்ல வேண்டாம்.

இனிமேல்தான் நல்ல சேதி. உன் தம்பி மனைவியை நீ எப்போதும் கெட்டிக்காரி என்பாய், நான் ஒப்புக்கொண்டதில்லை. இப்போது எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன். மறுநாள் நான் வண்டியை ஓட விட்டுவிட்டு, பானட் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, அது எவ்வளவு ததும்புகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி டம்ளர் உடைந்த பிறகு எவர்சில்வர் டம்ளர்தான் கொடுக்கிறாள். அவள் சாப்பிடக் கூப்பிட வந்தவள், அப்படியே நின்று காதைத் தீட்டிக்கொண்டாள். "ஏங்க, இது என்ன சத்தம், உஸ்ஸுன்னு?" என்றாள். "என்ஜின் சத்தம்" என்றேன். "அது இல்லீங்க. அதுக்கு அடியில. குக்கர்ல ரப்பர் வளையம் போனா வருமே, ஓரத்துல காத்து போற சத்தம், அது மாதிரி." நான் சிரித்தேன். அவள் சட்டை பண்ணவில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயில் ஒரு துண்டை எடுத்து, ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறு முனையை என்ஜினுக்குள் அங்கே இங்கே நீட்டினாள். ஓர் இடத்தில் நிறுத்தினாள். கையை உள்ளே விட்டு, ஒரு சின்ன ரப்பர்க் குழாயின் வாயைக் கட்டை விரலால் பொத்தினாள். அக்கா! அழுத குழந்தையைத் தூக்கிக்கொண்ட மாதிரி வண்டி அடங்கிவிட்டது. விரலை எடுத்தாள், ஆடியது. வைத்தாள், அடங்கியது.

"எடுக்காதே! அப்படியே இரு!" என்று கத்திக்கொண்டே மெக்கானிக்கைத் தேடி ஓடினேன். "அடுப்புல பால் இருக்குங்க!" என்று அவள் கத்தியது காதில் விழுந்தது, ஆனால் நான் தெருமுனையைத் தாண்டிவிட்டேன். கையோடு அவரை இழுத்துக்கொண்டு வந்தபோது வீடெங்கும் பால் தீய்ந்த வாசனை, இவள் அதே இடத்தில் விரலோடு நிற்கிறாள், முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு, "அட, என்ஜின் காத்தை உறிஞ்சற குழாய் சார் இது. வாய் திறந்து கிடந்தா வேண்டாத காத்து உள்ள போகும், வண்டி ஆடத்தான் ஆடும். இது போய்ச் சேர்ற சாமானைக் கழட்டிப் பல வருஷம் ஆச்சு. அக்கா இதுல ஏதோ ஒரு மூடியைப் போட்டு வச்சிருந்தாங்களே, நீலக் கலர்ல?" என்றார்.

இவள் மெதுவாகத் திரும்பி என் சட்டைப் பையைப் பார்த்தாள். மெக்கானிக்கும் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன்.

அக்கா, என் பேனா மூடியைத் திருடியது நீதான் என்பது இதனால் நிரூபணமாகிவிட்டது. உன்னிடம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்ப எனக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அநியாயமாக இவளைச் சந்தேகப்பட்டதற்கு நான் அந்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று, மெக்கானிக் முன்னிலையில், டீக்கடைக்காரர் வேறு வந்து நின்றுகொண்டார். மூடியைக் கழற்றி என் கையாலேயே குழாயில் மாட்டினேன். குளிர் ஜுரம் போயிற்று. ஆனால் பழைய உதறல், நீ குறை சொன்ன அந்த மெல்லிய உதறல், பாக்கி இருந்தது. என் குழப்பத்தை எல்லாம் கழித்துப் பார்த்தால் ஆரம்பத்தில் இருந்த நோய் அப்படியே இருக்கிறது! நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். மெக்கானிக் இந்த முறை கண்ணை மூடிக் கேட்கவில்லை. படுத்து வண்டிக்கு அடியில் போனார். ஒரு கம்பியை வைத்து என்ஜினை லேசாக நெம்பினார். "சார், இங்க வாங்க! என்ஜினைத் தாங்கற ரப்பர் கட்டை பிஞ்சு தொங்குது. என்ஜின் மேல தப்பே இல்ல. எல்லா என்ஜினும் உள்ள கொஞ்சம் ஆடத்தான் செய்யும், அதை வெளிய தெரியாமத் தாங்கறது இந்தக் கட்டைதான்" என்றார். முதல் நாளே ஏன் படுக்கவில்லை என்று கேட்டேன். "முதுகு வலி சார்" என்றார். நியாயமான பதில். புதுக் கட்டை வாங்கி வந்து மாட்டினார்.

இன்று காலை, சாட்சிகள் அனைவர் முன்னிலையிலும், வண்டியைக் கிளப்பி, பானட் மேல் விளிம்பு வரைக்கும் தண்ணீர் நிரப்பிய டம்ளரை வைத்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை, அக்கா. ஐடிலை ஏற்றவில்லை, எதையும் மூடி மறைக்கவில்லை. உள்ளே ஏறி உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தேன். என் முகம் ஒன்றாகத் தெரிந்தது. கதவுப் பையில் ஆணிகள் வாய் திறக்கவில்லை. இவள் கை தட்டினாள். மெக்கானிக், "நாளைக்கே அக்காவைக் கூட்டிட்டு வந்துடலாம் சார்" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் எனக்கு இனித்தது இதுதான் முதல் தடவை.

ஆகவே, நிபந்தனை பூர்த்தியாகிவிட்டது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். நீ வந்தே ஆக வேண்டும். உன் கட்டிலுக்கு அடியில் கட்டைகள் வைத்து உயர்த்தியாகிவிட்டது. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி போட்டாகிவிட்டது, வழுக்காத விரிப்பும் போட்டிருக்கிறோம். நீ உட்கார ஒரு நாற்காலியை உயரமாக்க நானே மெத்தை வைத்துத் தைத்திருக்கிறேன். ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். அதைப் பார்த்து நீ என்னைத் திட்டுவதைக் கேட்க எனக்கு ஆசையாக இருக்கிறது. அந்த அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல். நீ திட்டாமல் இந்த வாசலில் எனக்கு நாளே விடிய மாட்டேன் என்கிறது. நிபந்தனைக்காக வேண்டாம், எனக்காக வா.

இந்தக் கடிதம் உன் கைக்கு வந்த மறுநாள் காலை வண்டியோடு வந்து வாசலில் நிற்பேன். உன்னைப் பார்த்துக்கொண்ட நர்ஸுக்கும், நடை பழக்கிய பிசியோதெரபித் தம்பிக்கும், டாக்டருக்கும் எங்கள் வணக்கத்தைச் சொல்லவும். இவள் உன் காலைத் தொட்டுக் கும்பிட்டதாக எழுதச் சொல்கிறாள், புதுசு இல்லாத காலை. எங்கள் இருவருக்கும் உன் ஆசி எப்போதும் வேண்டும்.

இப்படிக்கு,
என்றும் உன் பேச்சைத் தட்டாத
தம்பி

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் நீ படிக்க வேண்டியதில்லை. கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி, தபால் பெட்டியில் போடக் கிளம்பி வாசலுக்கு வந்தால், உயரமான வேன் ஒன்று வந்து நிற்கிறது. கதவு திறந்து முதலில் வாக்கர் இறங்கியது, அப்புறம் நீ இறங்கினாய். நான் கடிதத்தோடு கல்லாக நிற்க, இவள் கொஞ்சமும் ஆச்சரியப்படாமல், "வாங்க அண்ணி, சொன்ன நேரத்துக்கு வந்துட்டீங்களே" என்கிறாள். தினமும் துணி காயப்போடும் சாக்கில் இவள் கொல்லையில் நின்று சிரித்துச் சிரித்துப் போனில் பேசியது தன் சிநேகிதியோடு இல்லையாம், உன்னோடாம். போனை பானட் பக்கத்தில் பிடித்துச் சத்தத்தை உனக்குக் கேட்க வைத்தாளாம். கேட்டதுமே நீ, "என் மூடியை எவன் பிடுங்கினான்?" என்றாயாம். குக்கர் ரப்பர் என்று சொல்லச் சொன்னதும் நீதானாம். அதையும் உடனே சொல்லாதே, இன்னும் கொஞ்ச நாள் தேடட்டும் என்றாயாம். இதில் பால் தீய்ந்தது மட்டும்தான் உங்கள் திட்டத்தில் இல்லையாம்.

"அப்போ அந்த ரூம்?" என்று கேட்டேன். "அங்க ஏதுடா ரூம் காலி? வரிசையில நிக்கறாங்க" என்றாய். "பின்ன எதுக்கு அக்கா இந்த நிபந்தனை?" என்றேன். நீ வாக்கரை நகர்த்தி என் பக்கம் ஒரு எட்டு வைத்தாய். "நீ தினம் வந்து தலைமாட்டுல உக்காந்து கண்ணைக் கசக்கிக்கிட்டிருந்தா, நான் எப்படிடா எழுந்து நடப்பேன்? உனக்கும் கைக்கு ஒரு வேலை வேணும், எனக்கும் நடக்கப் பழகணும். அதான்" என்றாய். எனக்குக் கோபம் வரவில்லை, அக்கா. வந்திருக்க வேண்டும். பதிலை எழுத்தில்தான் தருவேன், பேனா எடுத்து வருகிறேன் என்று உள்ளே வந்து, உறையைக் கிழித்து, இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். இவளும் வேன் டிரைவரும் பிடித்துக்கொள்ள, நீ பிக்கப்பில் ஏறிவிட்டாய். இத்தனை வருஷத்தில், நீ வண்டியில் இருக்கும்போது அந்த ஸ்டியரிங்கை வேறு ஒருவரையும் நீ தொட விட்டதில்லை. இன்று பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கிறாய். எட்டி ஹாரனை அடிக்கிறாய். "வாடா, ஒரு சுத்து சுத்திட்டு வரலாம். நீயே ஓட்டு" என்று கத்துகிறாய். இதோ வந்துவிட்டேன்.